குருநகர் ராசாவும் மன்னார்த் தாயும்

வியாழக்கிழமை, நண்பகல்

நாகப்பட்டினத்தில் காலை எட்டு மணிக்குக் கிளம்பிய கப்பல் பன்னிரண்டு மணி சுமாருக்குக் காங்கேசன்துறையில் வந்து நின்றது. இடையில் நூற்றுப் பத்துக் கிலோமீட்டர் கடல். போக வரச் சீட்டு இந்தியப் பணத்தில் எட்டாயிரத்து ஐந்நூறு. தூத்துக்குடியில் பிறந்தவள், கடல் எனக்குப் பழக்கம் என்று பக்கத்து இருக்கைக்காரரிடம் பெருமையடித்துக்கொண்டு ஏறினேன். முதல் ஒரு மணி நேரத்திலேயே அந்தப் பெருமை பிளாஸ்டிக் பைக்குள் போய்விட்டது.

நான் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்துகிறவள். போரில் வென்ற ராஜா, குளம் வெட்டிய ராஜா, கோயில் கட்டிய ராஜா என்று வருடா வருடம் அதே ராஜாக்களைப் பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்து வைத்து அலுத்துப் போனவள். விடுமுறையிலும் ஒரு ராஜாவைப் பார்க்கக் கடல் தாண்டி வந்ததற்குக் காரணம் ஜெறோம் அண்ணன். குருநகர் மீனவர். சில வருடங்களுக்கு முன், எல்லை தாண்டி மீன் பிடித்ததாகச் சொல்லி அவரை எங்கள் ஊரில் காவலில் வைத்திருந்தபோது, வக்கீலான என் தம்பி அவருக்காக வாதாடினான். நான் வீட்டிலிருந்து சோறு கொண்டு போனேன். "ஊரிலை கூத்திலை நான்தான் ராசா, ரீச்சர். ஒருநாள் வந்து பாக்கவேணும்" என்று அப்போது சொல்லியிருந்தார். இந்த வாரம் நல்லூரில் நடக்கும் ஒரு பெரிய விழாவில், குருநகர்க் கோயில் முற்றத்தைத் தாண்டி முதல்முறையாக அந்தக் கூத்து மேடையேறுகிறது என்று தகவல் அனுப்பினார். பையைக் கட்டிவிட்டேன்.

துறைமுக வாசலில் ஓட்டோவோடு நின்றவர் இணுவில்காரர், பெயர் கேதீஸ், முப்பது வயது இருக்கும். குருநகருக்கு ஏறக்குறைய இருபது கிலோமீட்டர். இலங்கைப் பணம் மூவாயிரம் கேட்டு இரண்டாயிரத்து எழுநூறுக்கு இறங்கினார். முன் கண்ணாடியின் ஒரு மூலையில் இணுவில் கந்தசாமியின் வேல். மறு மூலையில் குதிரைமேல் வாளோடு ஒருவர்.

"வேல் தெரியுது. இவர் யாரு தம்பி?"

"எங்கடை கடைசி ராசா அக்கா. பறங்கியளுக்குத் தலை குனியாதவர். பிடிச்சுக்கொண்டுபோய்க் கோவாவிலை வைச்சு வெட்டினவங்கள்."

ஸ்டிக்கர் ராஜாவுக்கு முறுக்கு மீசை, அகன்ற மார்பு, எங்கள் ஊர்க் காலண்டர் ராஜாக்களுடைய அதே மூக்கு. உண்மையில் அவர் முகம் எப்படி இருந்தது என்று யாருக்கும் தெரியாது. இதைச் சொன்னால் குருநகர் வரை நடந்துதான் போகவேண்டியிருக்கும் என்று பட்டதால் வாயை மூடிக்கொண்டேன்.

தெல்லிப்பழை வரை சாலையின் இரு பக்கமும் செம்மண்ணும் வாழையும் வெங்காயப் பாத்தியும். நடுநடுவே கூரை இல்லாத வீடுகள். போர்க்காலத்தில் ராணுவம் ஆட்களை வெளியேற்றிவிட்டுப் பல வருடம் பூட்டி வைத்திருந்த நிலம். ஒரு வீட்டின் சமையலறையிலிருந்து வேப்பமரம் வெளியே வந்திருந்தது. கடற்கரைப் பக்கம் பிரியும் ஒரு சந்தியில் மும்மொழிப் பலகை ஒன்று நின்றது. அரசமரக் கன்றோடு ஓர் இளவரசி வந்திறங்கிய கரைக்கும் அங்குள்ள புத்த விகாரைக்கும் வழி காட்டும் பலகை. கேதீஸ் தலையால் அதைக் காட்டினார்.

"பாருங்கோ அக்கா. உந்தப் பலகைக்குப் பின்னாலை ரெண்டாயிரம் வருசக் கதை நிக்குது. சிங்கள ஆக்கள்தான் முதல் வந்தவையாம், நாங்கள் பேந்து வந்து ஒட்டின ஆக்களாம். பள்ளிக்கூடப் புத்தகத்திலை எங்கடை ராசாவுக்கு நாலு வரி."

"நாலு வரியாவது இருக்கே தம்பி."

"நாலு வரிக்குள்ளை ஒரு சனம் எப்பிடி அக்கா இருக்கிறது?"

வகுப்பில் இப்படி ஒரு கேள்வி வந்தால் மணி அடித்துவிடாதா என்று பார்ப்பேன். இங்கே மணி இல்லை. குருநகரில் யார் வீடு என்று அவரே பேச்சை மாற்றினார். ஜெறோம் அண்ணன் பெயரைச் சொன்னதும் வண்டியின் வேகம் குறைந்தது. சுன்னாகம் சந்தைக்கு முன்னால் ஓரமாக நிறுத்தியே விட்டார்.

"நான் அந்த விழாவிலை மேடை வேலைக்கு நிக்கிறன். அவரிட்டைச் சொல்லுங்கோ, மன்னார்க் காட்சி வேண்டாம். விழாக்காரர் முதலே அறிவிச்சிருக்கினம். ஆனா குருநகர் ஆக்கள் கேப்பினமோ தெரியேல்லை."

மன்னார்க் காட்சி என்னவென்று வாசகருக்குச் சொல்லவேண்டும். ஏறக்குறைய ஐந்நூறு வருடங்களுக்கு முன், மன்னாரில் புதிதாகக் கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்த மக்களை, யாழ்ப்பாணத்து அரசன் படையோடு போய் வெட்டினான். கத்தோலிக்கர் அவர்களை வேதசாட்சிகளாக இன்றும் நினைவுகூர்கிறார்கள். குருநகர்க் கூத்தில் போர்த்துக்கீசப் பறங்கியரை எதிர்த்துத் தலை கொடுக்கிற ராசாவும் மன்னாரில் குழந்தையோடு நிற்கிற தாயை வெட்டுகிற ராசாவும் ஒரே ஆள். வரலாற்றின்படி இவர்கள் ஒரே பெயர் கொண்ட இரண்டு அரசர்கள், இடையில் இரண்டு மூன்று தலைமுறை. ஆசிரியைப் புத்தி சும்மா இருக்குமா? கேதீஸிடம் அதை விளக்கினேன்.

"ரெண்டு ராசாவெண்டா சிலையும் ரெண்டெல்லோ வைக்கவேணும்" என்றார். பிறகு சிரிக்காமல் சொன்னார். "எங்களுக்கு மிஞ்சினது ஒரு ராசாதான் அக்கா. அவரையும் பிள்ளையோடை நிண்ட மனிசியை வெட்டினவர் எண்டு மேடையிலை காட்டினா, நாங்கள் பேந்து என்னத்தைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறது? சனம் பொறுக்காது. துரோகி எண்டு சொல்லிப்போடும்."

அந்தச் சொல்லை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கும் அப்போது அது சாதாரணமாகத்தான் பட்டது.

வியாழன் மாலை, குருநகர்

ஜெறோம் அண்ணன் வீடு கடலுக்கு மூன்று தெரு தள்ளி. மதிலில் வலை காய்கிறது, அதன் மேல் பூனை காவல் இருக்கிறது. அவர் மனைவி றெஜினா சந்தையில் மீன் விற்கிறவர், நாற்பத்தைந்து வயது, நம்மை ஏற இறங்கப் பார்த்து எடை போட்டுவிட்டுத்தான் சிரிப்பார்.

"உங்கடை ஊர் றோலர்ப் படகு வந்து எங்கடை வலையை அறுக்குது. நீங்கள் எங்கடை மனிசனுக்குச் சோறு குடுத்தனீங்கள். நான் இப்ப ஆரிலை கோவிக்கிறது, சொல்லுங்கோ ரீச்சர்" என்றபடி ஒடியற் கூழை ஒரு பெரிய கோப்பையில் ஊற்றி வைத்தார். பனங்கிழங்கு மாவில் நண்டும் இறாலும் மீனும் மிளகாயும் போட்டுக் காய்ச்சியது. கண்ணிலும் மூக்கிலும் நீர் வழியக் குடித்தேன். கோபத்தை அதில் காட்டிவிட்டார் என்றே நினைக்கிறேன்.

கேதீஸ் சொன்னதை அப்படியே சொன்னேன். ஜெறோம் அண்ணன் சிரித்தார். றெஜினாவின் அகப்பை பானைக்குள் நின்றுவிட்டது.

"அந்தச் சொல்லைச் சொன்னவனோ?"

"சாதாரணமாத்தான் சொன்னார்."

"அதைச் சாதாரணமாச் சொல்லேலாது ரீச்சர்."

விளக்கு வைத்துச் செபமாலை சொல்லி முடிந்த நேரத்தில் தொலைபேசி அடித்தது. கணவர் எடுக்குமுன் றெஜினா எடுத்தார். "ஓம்... ஓம்... சொல்லுறன்" என்று மட்டும் கேட்டது. வைத்துவிட்டு நேரே போய் வெளி வாசல் கதவைச் சாத்தி, படகு கட்டுகிற சங்கிலியைச் சுற்றிப் பூட்டினார். போனில் பேசியவர், மன்னார்க் காட்சி வேண்டாம் என்று மரியாதையாகத்தான் சொன்னாராம். ஆனால் ஊர், பேர் சொல்லவில்லை.

ஜெறோம் அண்ணன் படகைப் பார்த்துவரப் பின்வாசல் வழியாகப் போன பிறகு, றெஜினா என் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"எனக்கு ஒரு தம்பி இருந்தவன், அருள். சண்டைக் காலத்திலை ஆமிக் காம்புக்கு மீன் வித்தவன். பசிக்கு வித்தவன். துரோகி எண்டு ரெண்டு பேர் சைக்கிளிலை வந்தவை. சின்ன விசாரணை, விட்டிடுவம் எண்டு கூட்டிக்கொண்டு போனவை. சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் ரீச்சர், கை கழுவவும் விடேல்லை."

"யாரு அவங்க?"

"ஆர் எண்டு கேளாதேங்கோ. தமிழ் கதைச்ச ஆக்கள்."

கொடியில் காய்ந்துகொண்டிருந்த அருளின் சாரம், அதாவது கைலி, ஒன்றுதான் மிச்சம். காணாமல் போனதைத் தேடித் தருகிற அந்தோனியாருக்கு றெஜினா ஒரு நேர்த்திக்கடன் வைத்திருக்கிறார். கூத்து எங்கே நடந்தாலும் மன்னார்த் தாயாக அவரே வேஷம் கட்டுவார். மரப்பாச்சிக் குழந்தையை அந்தச் சாரத்தில்தான் சுற்றியிருப்பார். ராசா வெட்டுவது வேறு யாரையும் அல்ல, தன் மனைவியை, தன் மைத்துனனின் சாரத்தோடு. இத்தனை வருடம் கோயில் முற்றத்தில் அப்படித்தான் நடந்திருக்கிறது.

"இந்தத் தடவை?" என்றேன்.

"வேண்டாம். அந்தச் சொல் ரெண்டாந்தரம் இந்த வீட்டுக்கை வரக்கூடாது. இந்த மனிசனும் இல்லாமப் போட்டாரெண்டா நான் என்ன செய்யிறது? காட்சியை எடுத்துப்போட்டு ஆடட்டும்."

பழைய கதையைப் பார்க்க வந்தவள் நான், இங்கே கதை வாசல் கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை

காலையில் ஜெறோம் அண்ணன் மோட்டார் சைக்கிளில் என்னை நல்லூருக்குக் கூட்டிப் போனார். மூன்று கிலோமீட்டர்தான். முத்திரைச் சந்தியில் பொன்வண்ணம் பூசிய ராஜா குதிரைமேல் இருந்தார். சற்றுத் தள்ளிப் பழைய வளைவு ஒன்று, அரண்மனை வாசல் என்று சொல்கிறார்கள். கட்டுமானத்தைப் பார்த்தால் ஒல்லாந்தர் கைவேலை என்று சொல்லும் ஆராய்ச்சியாளர்களும் உண்டு. சொன்னேன். "ஒல்லாந்தன் திருத்தியிருப்பான்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். இரண்டு ராஜாக் கதையையும் விடாமல் சொல்லிப் பார்த்தேன்.

அவர் உண்மையாகவே கவலைப்பட்டார். "ரெண்டு பேரெண்டா, கோவாச் சிறையிலை கடைசியா ஞானஸ்நானம் எடுத்து மனந்திரும்பிறது ஆர் ரீச்சர்? வெட்டினவனெல்லோ மனந்திரும்பவேணும்? வெட்டாதவன் மனந்திரும்பி என்ன பிரயோசனம்?"

கேதீஸுக்கு வெட்டாத ராசா வேண்டும். ஜெறோம் அண்ணனுக்கு வெட்டிப்போட்டு அழுகிற ராசா வேண்டும். அந்தப் பலகை வைத்தவர்களுக்கு ராசாவே வேண்டாம். செத்துப்போன மனிதரை அவரவர் அளவுக்குத் தைத்து வைத்திருந்தார்கள். கேட்டுக்கொண்டிருந்த எனக்கு எரிச்சலாக வந்தது. ஆனால் யாரையும் பொய்யர் என்று சொல்ல முடியவில்லை. அவர்கள் நம்பித்தான் சொன்னார்கள்.

மாலை ஒத்திகை கோயில் மண்டபத்தில். முதல் கேள்வியே காட்சியைப் பற்றித்தான். கூத்தை நடத்துகிற அண்ணாவியார் எல்லோர் முகத்தையும் பார்த்தார். "றெஜினா, நீ என்ன சொல்லுறாய்?" என்றார். "எடுங்கோ" என்றார் அவர். ஜெறோம் அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். இருபத்தைந்து நிமிடக் காட்சி போயிற்று. கோவாவில் ஞானஸ்நானமும் சேர்ந்து போயிற்று, வெட்டே இல்லாதபோது எதற்கு மனந்திரும்புவது?

மற்றபடி ஒத்திகை எனக்குப் பிடித்திருந்தது. ராசா பாடுகிற ஒவ்வொரு பாட்டின் கடைசி வரியையும் ஓரத்தில் நிற்கிறவர்கள் திருப்பிப் பாடுகிறார்கள். பிற்பாட்டு என்று பெயர். அது இல்லாவிட்டால் எவ்வளவு நல்ல குரலும் பாதியில் அறுந்து போகும். இன்னொரு வழக்கமும் உண்டு. மேடையில் யாரையாவது வெட்டினவர், கடைசி மங்களம் பாடி முடிந்ததும் திரைக்குப் பின்னால் போய், வெட்டுப்பட்டவரின் இரண்டு கையையும் பிடித்து "பொறுத்துக்கொள்" என்று கேட்க வேண்டும். "பொறுத்தன்" என்று அவர் சொன்ன பிறகுதான் முகப்பூச்சைக் கழுவலாம். ஒத்திகையில் ஒரு தூதுவனை வெட்டின ஜெறோம் அண்ணன், முகத்தில் பூச்சே இல்லாமலும் அதைச் செய்தார். கேட்காமல் கடலுக்குப் போனால் வலை கிழியும் என்பது இவர்கள் கணக்கு. வேஷம் கட்டின ஒவ்வொருவரும் மங்களத்துக்கு மேடையில் நின்றாக வேண்டும் என்பதும் அதே போன்ற ஒரு சட்டம்.

திரும்பி வரும்போது எங்கள் தெருவில் ஒரு மோட்டார் சைக்கிள் மெதுவாகப் போயிற்று. சற்று நேரத்தில் அதே வண்டி திரும்பி வந்தது. மீன் வாங்க வந்தவர்களாகவும் இருக்கலாம். றெஜினா அன்றும் சங்கிலியைப் பூட்டினார்.

சனிக்கிழமை மாலை, நல்லூர்

ஆறரை மணிக்குக் கூத்து. ஆயிரம் நாற்காலிகளாவது இருக்கும், நிறைந்து பின்னாலும் நின்றார்கள். தலைக்கு மேலே பறக்கும் கேமரா ஒன்று வண்டு மாதிரிச் சுற்றிக்கொண்டிருந்தது. மேடைக்குப் பின்னால் கூடாரத்தில், கழுத்தில் அட்டையோடு கேதீஸ் ஓடி வந்தார்.

"சொன்னதுக்கு நன்றி அக்கா. இப்பதான் நிம்மதி."

உள்ளே றெஜினா கண்ணாடி முன்னால் இருந்தார். முகத்தில் பூச்சு, வெள்ளைச் சேலை, மடியில் சாரம் சுற்றிய மரப்பாச்சி.

"மேடை ஏறமாட்டன். வேஷம் மட்டும் கட்டுறன்" என்றார், நான் கேட்காமலே. "நேர்த்தி குறையக்கூடாது." கண் மை கன்னத்தில் இழுபட்டிருந்தது. துடைத்துவிட்டேன்.

ஜெறோம் அண்ணன் மேடைக்கு வந்ததும் கூட்டம் எழுந்தது. காவல் சிறையில் வெறும் சோற்றை உருட்டித் தின்ற அதே மனிதர்தானா என்று இருந்தது. பறங்கித் தளபதியைப் பார்த்து "மண் தரமாட்டேன், மானமும் தரமாட்டேன்" என்று அவர் இழுத்துப் பாட, பிற்பாட்டுக்காரர்களோடு நாற்காலிகளும் சேர்ந்து பாடின. நானும் கை தட்டினேன். ராஜாக்களில் அலுத்துப்போனவள் என்று மேலே எழுதியவளும் நான்தான்.

மன்னார்க் காட்சி வரவேண்டிய இடத்தில் மத்தளக்காரர் தாளத்தை மாற்றி அடுத்த பாட்டுக்குத் தாவினார். யாருக்கும் தெரியவில்லை. பின்வரிசையில் இருந்த குருநகர்ச் சனம் மட்டும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது. ராசா பிடிபட்டார், கோவாவுக்குப் போனார், திரைக்குப் பின்னால் தலை கொடுத்தார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

மங்களம் தொடங்கியது. வேஷக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து வரிசையில் நின்றார்கள். தளபதி, மந்திரி, தூதுவன், நடுவில் கிரீடத்தோடு ராசா. எல்லோரும் வந்துவிட்டார்கள் என்று நான் மூச்சு விட்டபோது, ஓரத்திலிருந்து வெள்ளைச் சேலையில் றெஜினா வந்தார். கையில் குழந்தை. வரிசையின் கடைசியில் போய் நின்றார். எதுவும் பாடவில்லை.

"உது ஆர்?" என்று எனக்குப் பின்னால் ஒருவர் கேட்டார். வேறொருவர், "மன்னார்த் தாய்" என்றார். அது வரிசை வரிசையாகப் பின்னால் போவது கேட்டது. பக்கத்தில் நின்ற கேதீஸ் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார். ஜெறோம் அண்ணன் அப்போதுதான் திரும்பிப் பார்த்தார்.

மங்களம் முடிந்தது. வழக்கப்படி எல்லோரும் திரைக்குப் பின்னால் போகவேண்டும். மற்றவர்கள் நகர்ந்தார்கள், ராசா நகரவில்லை. கிரீடத்தைக் கழற்றித் தூதுவன் கையில் கொடுத்தார். மேடையின் நீளத்துக்கு நடந்து போய், சாரத்தோடு சேர்த்துத் தன் மனைவியின் இரண்டு கையையும் பிடித்தார். ஒலிவாங்கி இன்னும் உயிரோடு இருந்தது.

"பொறுத்துக்கொள் பிள்ளை. நான் வெட்டினனான்."

காட்டாத வெட்டுக்கு அத்தனை பேர் முன்னால் ராசா மன்னிப்புக் கேட்டார். திரைக்குப் பின்னால் இருக்கவேண்டியது வெளிச்சத்தில் நடந்தது. பிறகு வலது பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"துரோகி."

நான் எழுந்து நின்றுவிட்டேன். எதற்கு என்று தெரியாது, ஓடுவதற்காக இருக்கலாம். றெஜினா குழந்தையை இன்னும் இறுக்கிப் பிடித்தார். அந்தக் குரல் இன்னொரு தடவை அதே சொல்லைச் சொன்னது, முதல் தடவையைவிடச் சின்னதாக. வேறு யாரும் வாய் திறக்கவில்லை. யாரோ விளக்கை அணைத்தார்கள், அறிவிப்பாளர் அடுத்தது நடனம் என்றார். நாங்கள் பூச்சோடும் உடுப்போடும் வேனில் ஏறிக் குருநகருக்கு வந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை

ஞாயிற்றுக்கிழமை இங்கே படகு இறங்காது. கோயிலில் பூசை முடிந்து வரும்போது சிலர் றெஜினாவின் கையைப் பிடித்துவிட்டுப் போனார்கள். சிலர் எங்களைப் பார்க்காத மாதிரிப் போனார்கள். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அவர் வாசல் கதவில் இருந்த சங்கிலியைக் கழற்றி ஆணியில் மாட்டினார். பயமில்லையா என்று கேட்டேன்.

"பயம்தான். ஆனா நேற்று ரெண்டுதரம் சொன்னவன் ரீச்சர், கேட்டனீங்களே? பிற்பாட்டுப் பாட ஒருத்தரும் இல்லை. அருளைக் கூட்டிக்கொண்டு போகேக்கை முழுத் தெருவும் பாடினது."

எனக்குக் கட்டிக்கொடுக்க நண்டைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். ஜெறோம் அண்ணன் பக்கத்தில் வந்து குந்தினார்.

"நேற்றுக் கேட்டதுக்கு நீ மறுமொழி சொல்லேல்லை. நானும் முகத்தைக் கழுவிப்போட்டன். நாளைக்கு வலை கிழியும்."

"கேட்டது நீங்களோ, ராசாவோ?"

"ராசாவின்ரை உடுப்போடைதானே கேட்டனான்."

"உங்களிலை எனக்குக் கோவம் ஒண்டும் இல்லை. நீங்கள் வலையைக் கொண்டு போங்கோ. ராசாவுக்கு நான் இப்ப சொல்லமாட்டன். அருள் வரட்டும், அவனைக் கேட்டுச் சொல்லுறன்."

ஜெறோம் அண்ணன் எழுந்து கிணற்றடிக்குப் போய், கழுவிய முகத்தை மறுபடி கழுவினார். நான் மிச்ச நண்டை எடுத்து ஓடு கழற்றத் தொடங்கினேன்.

கப்பல் இரண்டு மணிக்கு. கேதீஸைத்தான் வரச் சொல்லியிருந்தேன். வருவாரா என்று சந்தேகமாக இருந்தது, ஆனால் வந்தார். கொக்குவில், இணுவில் தாண்டினோம். மருதனார்மடத்தில் ஒரு தேநீர்க் கடையில் நிறுத்தி, போனில் ஒரு வீடியோப் படத்தைக் காட்டினார். ஊரெல்லாம் சுற்றுகிற படம். ராசா மண் தரமாட்டேன் என்கிறார், எல்லோரும் பாடுகிறார்கள், கைதட்டல், முடிந்தது. மங்களம் இல்லை. அதற்குள் அறுபதாயிரம் பேர் பார்த்திருந்தார்கள்.

"மிச்சம் எங்க தம்பி?"

"விழாக்காரர் வெட்டிப்போட்டினம். என்னட்டை முழுசா இருக்கு. ஒருத்தருக்கும் அனுப்பேல்லை. அனுப்பினா எனக்கும் அந்தப் பேர் வரும்." தேநீரைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். "அந்த அக்கா என்ன மறுமொழி சொன்னவ? போனிலை கேக்கேல்லை."

"இன்னும் சொல்லல. தம்பியைக் கேட்டுச் சொல்றேன்னாங்க."

"தம்பி எங்கை?"

சொன்னேன். ராணுவ முகாமுக்கு மீன் விற்றதையும் கை கழுவாததையும் கொடியில் இருந்த சாரத்தையும் சொன்னேன். அந்தச் சாரம்தான் மேடையில் இருந்தது என்றும் சொன்னேன். அவர் குடிக்காத தேநீரைக் கீழே வைத்தார்.

"நானும் அந்தச் சொல்லை உங்களிட்டைச் சொன்னனான், என்ன?"

"சொன்னீங்க."

துறைமுக வாசலில் பையை இறக்கித் தந்த பிறகு என் நம்பரைக் கேட்டார். "முழுப் படத்தையும் உங்களுக்கு அனுப்புறன் அக்கா. இந்தியாவிலை இருந்தா ஒருத்தரும் வந்து கேக்கமாட்டினம். இஞ்சை அழிஞ்சாலும் அங்கை கிடக்கட்டும்." கண்ணாடியில் ராசாவின் ஸ்டிக்கர் இருந்த இடத்திலேயே இருந்தது. அதை அவர் கிழித்துவிடவேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. நாலு வரிக்குள் எப்படி இருப்பது என்ற கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லையே.

கரை மறைந்த பிறகு என் பாடம் நினைவுக்கு வந்தது. எங்கள் ராஜா ஒருவர் கப்பல் படையோடு இதே கடலைக் கடந்து, இதே தீவுக்கு வந்து, வென்று, எரித்துவிட்டுப் போனார். வருடா வருடம் நடத்துகிறேன். 'கடல் கடந்த வெற்றி' என்று கரும்பலகையில் எழுதியதும் பிள்ளைகள் தட்டுவார்கள். கேதீஸுக்கு ராசா தேவைப்பட்டது எல்லாம் தோற்றுப்போன பிறகு. வென்ற எங்களுக்கு அந்தச் சாக்கும் இல்லை. அங்கே வெட்டுப்பட்டது யார் என்று ஒரு பிள்ளைகூட கேட்டதில்லை, கேட்கும்படி நான் நடத்தியதும் இல்லை. ஜூனில் பள்ளி திறக்கிறது. அந்தப் பாடத்துக்கு முன்னால் இந்தப் படத்தைக் காட்டப் போகிறேன். தலைமையாசிரியையிடம் என்ன சொல்லி அனுமதி கேட்பது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஏறுமுன்பே கேதீஸ் அனுப்பிவிட்ட படத்தைக் கப்பலிலேயே முழுவதும் பார்த்தேன். படம் ஆடி ஆடித்தான் ஓடுகிறது. கிரீடமில்லாத தலையோடு ராசா சாரத்தைப் பிடித்துக்கொண்டு கேட்கிறார். றெஜினாவின் உதடு அசையவே இல்லை. அவர் கேட்டபடியே நிற்க, யாரோ விளக்கை அணைக்கிறார்கள்.